மெஷினை விசாரித்தவர்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள், பயம்தான். கேட்காமல் தன் பெயரை எழுதியவளை அவர் இருபது வருஷம் கழித்தும் ஞாபகம் வைத்திருப்பார். இப்போது மகளோடு திருப்பூரில் இருப்பதாகக் கேள்வி. அங்கே யார் யாரை ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறாரோ தெரியாது.

நான் கோயம்புத்தூர் வேலையை உதறிவிட்டு கோத்தகிரிக்குத் திரும்பி வந்த சமயத்தில் அவரைப் பழக்கம். எட்டு வருஷம் ஒரு இன்டீரியர் கான்ட்ராக்டரிடம் டிராயிங் போட்டேன். நான் போட்டதையெல்லாம் தன்னுடையது என்று காட்டிக்கொண்டிருந்தவன், ஒருநாள் கஸ்டமர் முன்னால் என்னைக் கைகாட்டி, "இது சும்மா கோடு போடற பொண்ணுங்க" என்றான். அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டேன். தெர்மகோலில் தூணும் வளைவும் கூரை அலங்காரமும் செய்து விற்க வேண்டும், அவனுடைய கஸ்டமர்களே மலையேறி என்னிடம் வர வேண்டும், அதை அவன் பார்க்க வேண்டும். என் தொழில் திட்டம் அவ்வளவுதான். வயிற்றெரிச்சலில் பிறந்த திட்டம் என்று சொன்னாலும் ஒத்துக்கொள்கிறேன்.

அதற்கு ஒரு மெஷின் வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் சொல்கிற எண்களின்படி நகர்ந்து, சூடான கம்பியால் தெர்மகோலை வெட்டுகிற மெஷின். வீட்டுக் கார் ஷெட்டில் நாமே கட்டிக்கொள்ளலாம் என்று வீடியோக்கள் பார்த்துத் தைரியம் வந்திருந்தது. கட்ட ஆள் தேடியபோது பஜாரில் ஒரு எலக்ட்ரிக் கடைக்காரர் இவரைச் சொன்னார்.

"வேலைல கெட்டிக்காரருங்க. ஆனா அவருகூட மட்டும் மொறச்சுக்காதீங்க. சாகற வரைக்கும் மறக்க மாட்டாரு."

ஐம்பத்தெட்டு வயதிருக்கும். சின்ன வயதில் பெற்றோரோடு சிலோனிலிருந்து வந்து எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்தில் வளர்ந்தவர். தேயிலை ஃபேக்டரிகளில் ஃபிட்டராக இருந்துவிட்டு, பிறகு மோட்டார், மிக்சி, பம்ப்செட் என்று சொந்தமாக ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டால் இவர் ஸ்வெட்டருக்கு மேல் சட்டை போடுவார். ஸ்வெட்டர் நூலை ஒருமுறை ஃபேக்டரியில் தேயிலை உருட்டுகிற ரோலர் பிடித்து இழுத்துவிட்டதாம். அதிலிருந்து ஸ்வெட்டரை நம்புவதில்லை.

பிளைவுட், மேஜை டிராயரின் சேனல், பழைய பிரிண்டர்களில் கழற்றிய மோட்டார்கள், கம்ப்யூட்டரின் பவர் சப்ளை, இதையெல்லாம் வைத்து ஆறு வாரத்தில் மெஷினைக் கட்டினார். இரண்டு பக்கமும் இரண்டு கோபுரம். நடுவே ஒரு மீட்டர் நீளத்துக்கு இழுத்துக் கட்டிய கம்பி. முதல்நாள் ஓட்டியபோது சதுரம் கேட்டோம், கொழுக்கட்டை வந்தது.

நான் என்ன ஆயிற்று என்றேன். அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். அவர் கேட்பது வேறு.

"எவன் பண்ணுனான்?"

அப்புறம் விசாரணை தொடங்கும். ஒரு முக்காலியை மெஷினுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு உறுப்பாகக் கூப்பிடுவார். "கம்பி, நீ சூடானா நீளுவ. ஸ்பிரிங்கு, அவன் நீண்டா நீ இழுத்துப் புடிக்கணும், புடிச்சியா?" ஸ்பிரிங்கை விரலால் சுண்டிப் பார்ப்பார். "இவன் இல்ல. இவன் நல்லவன்." மோட்டாரையும் திருகுத்தண்டையும் சேர்க்கிற இடத்தில் ஒரு பொடி ஸ்க்ரூ தளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்தபோது, களவாணியைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் முகத்தில்.

குற்றம் நிரூபணமானால் அந்த உறுப்பைக் குப்பையில் போடமாட்டார். ஷெட் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிடுவார். மூன்று மோட்டார், ஒரு பவர் சப்ளை, அறுந்துபோன கம்பி ஒரு சுருள், எல்லாம் வரிசையாகத் தொங்கும். "மத்தவனுங்க பாக்கட்டும்" என்பார். காலையில் மட்டும் வெட்டு அலை அலையாக வருகிறதென்று இரண்டு நாள் உட்கார்ந்து விசாரித்ததில், ஷட்டர் இடுக்கு வழியாக வருகிற பனிமூட்டம்தான் கம்பியைக் குளிரவைக்கிறது என்று தெரிந்தது. இடுக்கில் சாக்கைத் திணித்துவிட்டு, "இவனத் தொங்கவிட முடியாது, தப்பிச்சுட்டான்" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

மனிதர்களிடமும் இதே கணக்குத்தான். குன்னூரில் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் மட்டமான கம்பியை நல்ல கம்பி என்று தலையில் கட்டிவிட்டார். சண்டை போடவில்லை. ஒரு சந்தை நாளாகப் பார்த்து, கடையில் கூட்டம் இருக்கும்போது ஒரு கார் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போய்க் கல்லா மேலேயே வைத்து, அந்தக் கம்பியைப் பூட்டிக் காட்டினார். கம்பி ஒரு நிமிஷம் சிவந்து, படீரென்று அறுந்தது. "சும்மா, செக் பண்ணுனேன்" என்று சொல்லிவிட்டுப் பேட்டரியோடு திரும்பி வந்துவிட்டார்.

பஸ்ஸில் இரும்புக் கம்பி ஏற்றியதற்காக ஒரு கண்டக்டர் என்றைக்கோ அவரை 'யோவ்' என்று கூப்பிட்டுவிட்டான். அன்றிலிருந்து அந்தக் கண்டக்டர் இருக்கிற வண்டி வந்தால் ஏறமாட்டார். மழையானாலும் நடப்பார்.

"நீங்க கோபமா இருக்கறது அவனுக்குத் தெரியுமாங்கண்ணா?" என்று கேட்டேன்.

"அவனுக்கு எதுக்குத் தெரியணும் தங்கச்சி? எனக்குத் தெரியும்ல."

எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. நானும் அந்த ஜாதிதான். ஷெட்டில் நாங்கள் இரண்டுபேரும் டீ குடித்துக்கொண்டு, அவரவர் எதிரிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாட்கள் என் வாழ்க்கையில் ரொம்பச் சந்தோஷமானவை என்று சொன்னால் நம்ப வேண்டும்.

அப்போதுதான் பங்களா ஆர்டர் வந்தது. கோத்தகிரிக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய எஸ்டேட். முதலாளி இறந்து, மகன் பங்களாவைப் பணக்கார டூரிஸ்டுகள் தங்குகிற இடமாக மாற்றிக்கொண்டிருந்தான். டைனிங் ஹால் கூரை ஒழுகி, சுவரும் கூரையும் சேருகிற மூலையில் நாலு பக்கமும் ஓடுகிற கார்னிஸ் என்கிற அலங்கார விளிம்பு முழுக்க இற்றுப்போயிருந்தது. அதேமாதிரி தெர்மகோலில் வெட்டி, மேலே பிளாஸ்டர் பூசி ஒட்ட வேண்டும். இந்த வேலை நன்றாக முடிந்தால் மலையில் இருக்கிற பழைய பங்களாக்களெல்லாம் என்னைக் கூப்பிடும். சொதப்பினால் அந்தக் கோயம்புத்தூர்க்காரனிடமே போய் நிற்க வேண்டியதுதான்.

அளவெடுக்கப் போனேன். பின்வாசல் வழியாக வரச் சொன்னார்கள், போனேன். திரும்பும்போது கேட்டில் வாட்ச்மேன் என் பையைத் திறக்கச் சொன்னான். "மேடம் ரூலுங்க. வேலைக்கு வந்தவங்க யாரா இருந்தாலும் பார்த்துத்தான் விடணும்." பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். டேப்பு, பென்சில், நோட்டு, கூடவே இரண்டு நாப்கின், எல்லாம் ஈரத்தரையில் விழுந்தன. அவனே வெட்கப்பட்டுத் திரும்பிக்கொண்டான். மாடி ஜன்னலில் வெள்ளைத்தலையோடு ஒரு அம்மாள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியின் மனைவி, இந்த மகனின் தாய். எஸ்டேட் ஜனங்களுக்கு தொரைசாணி. நான் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தேன். ஆர்டர் வேண்டுமே.

ஷெட்டுக்கு வந்து எந்த பங்களா என்று சொன்னதும் அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"டைனிங் ஹாலா?"

"ஆமாங்கண்ணா."

"நம்பர் நானே எழுதறேன்."

கம்ப்யூட்டரில் படம் வரைகிற எந்த சாஃப்ட்வேரையும் அவர் நம்பமாட்டார். கிராஃப் பேப்பரில் பென்சிலால் வரைந்து, ஒவ்வொரு புள்ளியையும் மில்லிமீட்டரில் படித்து, ஒற்றை விரலால் வரி வரியாக டைப் அடிப்பார். நூற்றுக்கணக்கான வரி. அந்த எண்களில் ஒரு தப்புக்கூட இதுவரை நான் பார்த்ததில்லை. அதனால் பார்ப்பதையே விட்டிருந்தேன்.

மகன் கொடுத்த பழைய கார்னிஸ் துண்டை மாதிரியாக வைத்து அவர் எழுதினார், நான் வெட்டினேன். துண்டின் முனையைப் பார்த்தால் அதே வளைவு, அதே படி. ஆனால் கீழ்ப்பக்கம் மாதிரியில் இல்லாத ஒரு பிதுக்கம். அதற்கு மேலே இன்னொரு மேடு. மறுபடி வெட்டினேன், மறுபடி அதே.

மூன்று வாரம். கம்பியை மாற்றினேன், ஸ்பிரிங்கை மாற்றினேன். சூட்டைக் குறைத்தேன், வேகத்தைக் கூட்டினேன். சேனலைக் கழற்றிக் கழுவி எண்ணெய் போட்டேன். நல்ல மோட்டாரைக் கழற்றிவிட்டு வேறு மோட்டார் பூட்டினேன். அவர் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தார், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். முக்காலியைப் போடவில்லை. யாரையும் தொங்கவிடவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் திறக்க வேண்டும் என்று பங்களாவிலிருந்து தினம் போன் வந்துகொண்டிருந்தது.

கடைசியில் தெர்மகோலை எடுத்துவிட்டு, கம்பி இருந்த இடத்தில் ஒரு பேனாவைக் கட்டி, பேப்பரில் ஓடவிட்டேன். அதே இடத்தில் பிதுக்கம். ஒரே பேப்பரில் பத்துத் தடவை ஓடவிட்டேன். பத்துக் கோடும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. கெட்டுப்போன மெஷின் இத்தனை ஒழுங்காகத் தப்பு செய்யாது. ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் தடவைக்குத் தடவை வேறு வேறு இடத்தில் இழுக்கும். மெஷின் சொன்னதைச் செய்திருக்கிறது. சொன்னவர்தான் வேறு எதையோ சொல்லியிருக்கிறார்.

பேப்பரைக் கையில் எடுத்து, கார்னிஸ் கூரையில் நிற்கிற வாக்கில் பிடித்துப் பார்த்தேன். மேலே முன்தள்ளிய நெற்றி. சப்பை மூக்கு. வெற்றிலை அடக்கியதால் பிதுங்கின கீழுதடு. உள்வாங்கின தாடை. ஒரு கிழவி கூரையிலிருந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருங்கண்ணா இது?"

"எங்கம்மா."

எனக்கு வந்த கோபத்துக்கு மேஜைமேல் கிடந்த ஸ்பேனரை அவர் மேலேயே எறிந்திருப்பேன். "மூணு வாரமா நாயா அலையறேன், பக்கத்துல நின்னு டார்ச் அடிச்சீங்களே! என் பொழப்பு நாசமாப் போனா உங்களுக்கென்ன?" இன்னும் என்னென்னவோ கத்தினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அப்புறம் முக்காலியை இழுத்துப் போட்டார். மெஷினைப் பார்த்து அல்ல, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"எனக்கு அப்ப பத்தொம்பது வயசு தங்கச்சி. ஃபேக்டரில சேந்து ஒரு மாசம்கூட ஆகல. அந்த ஹால்ல பல்பு மாத்தணும்னு கூப்புட்டாங்க. ஏணில நிக்கறேன். அம்மாவுக்கு அன்னைக்கு பங்களாவுல கூட்டற வேல. வெள்ளி ஸ்பூனு ஒண்ணு காணோம்னுட்டாங்க. தொரைசாணி அம்மாவ சமையக்கட்டுப் பின்வாசலுக்கு இழுத்துட்டுப் போயி, அவங்க கையாலயே கொண்டைய அவுத்து உதறுனாங்க. முந்தானைய உதறுன்னாங்க. ஒண்ணுமில்ல. கெடைக்கற வரைக்கும் இங்கயே நில்லுன்னு விட்டுட்டுப் போயிட்டாங்க. நல்ல மழ. பொழுது சாயற வரைக்கும் நின்னா. ஏணி மேல இருந்தா ஜன்னல் வழியாத் தெரியும்."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"பல்ப மாட்டுனேன்."

சுவரில் கோணலாகத் தொங்கிய ஒரு மோட்டாரை நேராக்கினார்.

"அடுத்த நாள் வெளுக்கப் போட்ட மேசைத் துணிக்குள்ள ஸ்பூனு இருந்துச்சு. கெடச்சுருச்சுன்னு அம்மாகிட்ட ஒருத்தரும் சொல்லல. அவ செத்து இருவது வருசம் ஆச்சு. அந்த ஹாலுக்குள்ள இனி அந்தம்மா ஒவ்வொரு வாய் சோறு திங்கறப்பவும் எங்கம்மா மேல இருந்து பாக்கணும்."

"அவங்களுக்குத் தெரியவா போகுது?"

"அவங்களுக்கு எதுக்குத் தெரியணும்?"

சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதுல ரெண்டு ஃபைல் இருக்கு. ஒண்ணு பழைய கார்னிசு, அச்சா அப்படியே. இன்னொண்ணு அம்மா. மெஷின் உன்னோடது. எத ஓட்டறதுன்னு நீயே பாத்துக்க." சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

சரியான ஃபைலைத்தான் முதலில் திறந்தேன். மாதிரியோடு ஒத்துப்போகாவிட்டால் மொத்தத்தையும் திருப்பி அனுப்புவார்கள். அதோடு நான் முடிந்தேன். ஓட்டுகிற பட்டனில் விரலை வைத்தபோது, ஈரத்தரையில் நான் குனிந்து பொறுக்கியதும் மாடி ஜன்னலில் இருந்த வெள்ளைத்தலையும் ஞாபகம் வந்தன. அந்த ஃபைலை மூடினேன். நாற்பத்தெட்டுத் துண்டு தேவைப்பட்டது. நாற்பத்தெட்டும் அவர் அம்மாவைத்தான் வெட்டினேன்.

கொண்டுபோய் இறக்கிய அன்று மகன் பழைய துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "இதுல கீழ ஒரு பம்ப் இருக்கே?"

பழைய துண்டைக் கையில் வாங்கினேன். வாய் தன்பாட்டுக்குப் பேசியது. "உங்க பழசுல வருஷா வருஷம் பெயின்ட் அடிச்சு அடிச்சு ஷேப் மழுங்கிருக்குங்க சார். ஒரிஜினலா இப்படித்தான் இருந்திருக்கும்."

"ஓ, நைஸ்" என்றான். எட்டு வருஷம் ஒரு பொய்யனிடம் வேலை பார்த்தது வீண்போகவில்லை.

பத்து நாளில் ஒட்டி, பூசி, வெள்ளை அடித்து முடித்தோம். கடைசிநாள் விளக்குகளைப் போட்டுக் காட்டினோம். அந்த அம்மாள் கைத்தடியோடு வந்தார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும், முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. தலையைத் தூக்கி நாலு சுவரையும் நிதானமாகப் பார்த்தார்.

"பழசவிட இது நல்லாருக்கு. பழசு மொட்டையா இருந்துச்சு. யார் போட்ட டிசைன்?"

நான் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மூலையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தவர் முந்திக்கொண்டார். யாருக்கும் தெரியவேண்டாம் என்றிருந்த மனிதரால் அந்தப் பாராட்டை மட்டும் தாங்க முடியவில்லை.

"அது எங்கம்மா மூஞ்சிங்க. வெள்ளி ஸ்பூனக் காணோம்னு பின்வாசல்ல நிக்க வெச்சுக் கொண்டைய அவுத்தீங்கல்ல, அவதான்."

அந்த அம்மாள் அவரைப் பார்த்தார். மேலே பார்த்தார். நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"எந்த ஸ்பூன்?"

நடிப்பு இல்லை. நடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நாற்பது வருஷம் ஒரு மனிதன் வயிற்றில் நெருப்பாகச் சுமந்தது அந்த அம்மாளிடம் அடையாளமே இல்லாமல் போயிருந்தது. எத்தனை பேரை அப்படி நிறுத்தினாரோ, எந்த ஸ்பூன் என்று எப்படி ஞாபகம் இருக்கும்? அவர் ஒயரைப் பெட்டியில் போட்டு மூடிக்கொண்டு வெளியே நடந்தார்.

எனக்கு ஆறவில்லை. ஆனால் மிச்சத்தை அந்த மகனே செய்து கொடுத்தான். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவன், முகத்தைச் செதுக்கி எடுக்க முடியுமா என்று அன்று ராத்திரி போனில் கேட்டான், கூரையே பெயர்ந்து வரும் என்றேன். மறுநாள் திறப்பு. வேறு வழியில்லாமல், அதையே டூரிஸ்டுகளுக்குச் சொல்கிற கதையாக்கிவிட்டான். மூலையில் பாருங்கள், எங்கள் எஸ்டேட்டில் வேலை செய்த ஒரு அம்மாவின் பக்கவாட்டு முகம் என்பானாம். என்ன வேலை, ஏன் இந்த முகம் என்று கேட்கிறவர்களுக்குச் சமையல்காரம்மா ஸ்பூன் கதையைச் சேர்த்தே பரிமாறினாள். அவளுடைய அம்மாவும் அதே லயத்தில் இருந்தவள்.

இதையெல்லாம் ஒரு மாதம் கழித்து கோத்தகிரி மார்க்கெட்டில் என்னைப் பார்த்து அவளே சொன்னாள். "சாப்புட வர்றவங்க எல்லாரும் மேல பாக்கறாங்க, அப்பறம் எங்க தொரைசாணி பெரியம்மாவப் பாக்கறாங்க. தெனமும் இதேதாங்க. இப்ப பெரியம்மா ஹாலுக்கே வர்றதில்ல. சமையக்கட்டுப் பின்வாசல் தாவாரத்துலதான் சாப்பாடு. சாரல் அடிச்சாலும் அங்கதாங்க."

பரிதாபம் வருகிறதா என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தேன். வரவில்லை. எண்பது வயதுக் கிழவி சாரலில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று கேட்டு, நடுமார்க்கெட்டில் எனக்குச் சிரிப்பு வந்தது. பேக்கரியில் அரைக்கிலோ வர்க்கி பிஸ்கட் வாங்கிக்கொண்டு, அவருக்குச் சொல்ல ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஒரு பம்பின் தண்டை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். மூச்சுவாங்கச் சொல்லி முடித்தேன். அரம் நின்றது. தலையைத் தூக்காமல் கேட்டார்.

"உக்காந்தா, நின்னுட்டா?"

"என்னதுங்கண்ணா?"

"சாப்படறது."

"சேர் போட்டுத்தாங்கண்ணா. வயசானவங்கல்ல."

தண்டை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, வளைவு இருக்கிறதா என்று பார்த்தார்.

"எங்கம்மா நின்னுட்டு இருந்தா" என்றார். அரத்தை எடுத்து மறுபடியும் ராவ ஆரம்பித்தார்.